இலையின் இடது பக்கம்

கடலூர் கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிற நம் ஜெராக்ஸ் கடையில், மூளையின் படத்தை எத்தனை முறை நகல் எடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கினால் பிள்ளைகள் அந்தப் பக்கத்தை மடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். அந்தப் படத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். நடுவில் இருக்கிற மெல்லிய கோடுகள் நகலில் சரியாக விழாது, அதனால் மெஷினில் கறுப்பைக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். பெருமூளை, சிறுமூளை, முகுளம் என்று அம்புக்குறி போட்டு எழுதியிருப்பதை நான் ஒருநாளும் படித்ததில்லை. நானும் பத்தாவது வரை படித்தவன்தான். என் காலத்திலும் அந்தப் பாடத்தை நடத்தியிருப்பார்கள். பரீட்சை எழுதிய மறுநாளே அது என் தலையை விட்டுப் போயிருக்கும்.

இப்போது அந்தப் படத்தைப் பார்க்காமலே வரைவேன். ஏன் என்று உங்கள் இரண்டு பேருக்கும் நான் சொன்னதில்லை. உங்கள் அம்மாவுக்கும் பாதிதான் தெரியும். வாயால் சொல்லப் போனால் நடுவிலே என் பக்கத்து நியாயத்தையும் சேர்த்துவிடுவேன். அதனால் கடையில் ஆள் வராத மதிய நேரத்தில், வீணாய்ப் போன தாள்களின் மறுபக்கத்தில் எழுதி வைக்கிறேன்.

சின்னவளே, உன் காதுகுத்திலிருந்துதான் இது தொடங்குகிறது.

உனக்கு ஒரு வயதில் குத்தியிருக்க வேண்டியது. ஸ்ரீமுஷ்ணத்தில் செய்வதாக வேண்டுதல். ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஒன்று வந்து தள்ளிப்போய், ஏழு வயதில்தான் நாள் குறித்தோம். நாள் குறித்ததிலேயே நான் ஒரு தப்பு செய்தேன். காதுகுத்து என்றால் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். ஆகவே தேதி வைப்பதற்கு முன்னால் தாய்மாமனைக் கேட்க வேண்டும். சிதம்பரத்தில் இருக்கிற உங்கள் மாமா, அம்மாவின் ஒரே அண்ணன், அப்போது குமராட்சி போகிற மினி பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். நான் மண்டபத்துக்காரரிடம் நாளைச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் அவருக்குப் போன் செய்தேன்.

“ஏன் மாப்ள, பத்திரிகை அடிச்சி தபால்ல அனுப்பி இருக்கலாமே” என்றார்.

“கோச்சுக்காதீங்க மச்சான். மண்டபம் அன்னிக்குத்தான் கெடச்சிது.”

“நான் ஏன் கோச்சுக்கப் போறேன். மடி மட்டும்தான என்னுது. வந்து உக்காருறேன்.”

இப்படிச் சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. மனிதர் மனசிலே வைத்துக்கொண்டார், விசேஷத்தன்று ஏதாவது செய்து காட்டுவார் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். இந்த முடிவை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் நான் கண்ணால் பார்த்ததையெல்லாம் இந்த முடிவுதான் எனக்கு அர்த்தம் சொல்லிக்கொடுத்தது.

விசேஷத்துக்கு முதல் நாள் சாயங்காலமே உங்கள் அத்தை, மாமாவின் மனைவி, சீர்த்தட்டோடு ஸ்ரீமுஷ்ணம் வந்துவிட்டார்கள். மாமா மட்டும் வண்டியை நிறுத்திவிட்டு, மறுநாள் காலை வீட்டிலிருந்து தனியாக பஸ் பிடித்து வந்தார். மண்டப வாசலில் அவரைப் பார்த்ததும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வலது கன்னம் பளபள என்று இருந்தது. இடது கன்னத்தில் நான்கு நாள் தாடி அப்படியே இருந்தது.

உங்கள் சித்தப்பாதான் முதலில் ஆரம்பித்தான். “என்னா மாமா, பிளேடு பாதியிலேயே தீந்துபோச்சா?”

மாமா வலது கையால் வலது கன்னத்தைத் தடவிப் பார்த்தார். “ஏன்டா, வழவழன்னுதான இருக்குது.”

“அது சரி. அந்தப் பக்கம் யாருக்கு வச்சிருக்கீங்க?”

“எந்தப் பக்கம்?” என்று கேட்டு அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். உங்கள் அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, “உள்ள போயி வழிச்சிக்கினு வாங்களேன், மானம் போவுது” என்றார்கள். “வழிச்சாச்சிடி, எத்தினி தடவ வழிக்கிறது” என்று அவர் எரிந்து விழுந்தார். உள்ளே வரும்போது இடது தோள் கதவில் இடித்தது. நான் பக்கத்திலிருந்த உங்கள் சித்தப்பாவைப் பார்த்தேன், அவன் கட்டை விரலை வாயருகே கொண்டுபோய்ச் சைகை காட்டினான். குடி என்று அர்த்தம். உங்கள் மாமா குடித்தவர்தான். ஆனால், சின்னவளே, நீ பிறந்த வருஷம் விட்டவர். ஏழு வருஷம் தொட்டதில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் தலையை ஆட்டினேன்.

நீ அவர் மடியில் உட்கார்ந்தாய். ஆசாரி ஊசியை எடுத்துக்கொண்டு, “மாமா, அந்தக் கையாலயும் புள்ள தலையப் புடிச்சிக்கிங்க” என்றார்.

“புடிச்சிருக்கேனே.”

பிடித்திருந்தது வலது கை மட்டும்தான். இடது கை அவர் தொடையில் மல்லாக்கக் கிடந்தது. ஆசாரி என்னைப் பார்த்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வந்து உன் தலையைப் பிடிப்பதற்குள் நீ அசைந்துவிட்டாய். உன் இடது காதுத் துளை வலது காதைவிடக் கொஞ்சம் மேலே இருக்கிறது என்று கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் கேட்பாய் அல்லவா? அதற்குக் காரணம் ஆசாரி இல்லை.

பிறகு பந்தி. முதல் பந்தியில் தாய்மாமனுக்கு முதல் இலை. நம் பக்கத்தில் இலை போடுகிற முறை உங்களுக்குத் தெரியும். நுனி, சாப்பிடுகிறவரின் இடது கைப் பக்கம் வரும். அந்தக் கோடியில் உப்பு, ஊறுகாய், லட்டு, வடை, அதையொட்டி உருளைக்கிழங்கு வறுவல். இலையின் நடுவில் சோறு. வலது பக்கம் கூட்டும் அப்பளமும். சாம்பார் வாளியோடு நான் இரண்டாவது சுற்று வந்தபோது மாமாவின் இலையைப் பார்த்தேன். சோற்றைக் கத்தி வைத்து அறுத்ததுபோல் வலது பாதி காலியாக இருந்தது. இடது பாதி அப்படியே நின்றது. லட்டு, வடை, வறுவல் எதிலும் கை படவில்லை. வலது கோடியில் அப்பளத் தூளைக்கூட விரலால் ஒற்றி எடுத்துத் தின்றிருந்தார். அப்புறம் இலையின் வலது மூலையை மட்டும் இழுத்து மடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

பக்கத்து இலைக்காரர் கேட்டார், “என்னாங்க, மாமாவுக்குக் கோவமா?”

இலையில் பாதியைத் தொடாமல் எழுந்திருப்பது என்றால் என்ன என்று நம் ஆட்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. உன் சோறு எனக்கு வேண்டாம், ஊருக்காக உட்கார்ந்தேன் என்று சொல்வது அது. அதுவும் தாய்மாமன், அதுவும் இனிப்பைத் தொடாமல்.

கை கழுவுகிற இடத்தில் அவரைப் பிடித்தேன். “சாப்பாடு புடிக்கலன்னா சொல்லிட்டுப் போங்க மச்சான். பாதி எலையத் தொடாம எழுந்திரிச்சா என்னா அர்த்தம்?”

அவர் திகைத்துப்போய்ப் பார்த்தார். “போட்டத எல்லாம் சாப்ட்டேனே மாப்ள. நீங்க போட்டதே அவ்ளோதான்.”

போட்டதே அவ்வளவுதான். விருந்து வைத்தவனைப் பார்த்து இதைவிடக் கேவலமாக ஒரு சொல் சொல்ல முடியாது என்று அப்போது நினைத்தேன். நாலு பேர் கை கழுவ நிற்கிறார்கள், உங்கள் அத்தையும் நிற்கிறார்கள். நான் சொன்னேன், “காலங்காத்தால ஊத்திக்கினு வந்தா எல முழுசா எப்பிடித் தெரியும்?”

அவர் ஈரக் கையை உதறினார். குழாயை நிறுத்தாமலே நடந்தார். போகும்போது வாசல் தூணில் இடது தோள் இடித்தது. அதைப் பார்த்தும் நான், பாருங்கள் நான் சொன்னது சரி என்பதுபோல் எல்லோரையும் பார்த்தேன்.

இதுவரைக்கும் உங்கள் அம்மாவுக்குத் தெரியும். தெரியாதது இனிமேல்தான்.

அன்று சாயங்காலம் நாம் கடலூர் திரும்பிவிட்டோம். விளக்கு வைக்கிற நேரம். அம்மா குளித்துக்கொண்டிருந்தாள், அவள் போன் அடித்தது. நான் எடுத்தேன். உங்கள் அத்தை.

“அண்ணே, அவரு ஒரு மாதிரி இருக்காருண்ணே. எடது கால் செருப்ப மாட்டாமலே தனியா பஸ்ல வந்திருக்காரு. சொன்னா, மாட்டி இருக்கேன்றாரு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போவவா?”

நான் என்ன சொன்னேன் என்பதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன். “ஆஸ்பத்திரில போயி என்னான்னு சொல்லுவீங்க? தூங்கி எழுந்தா தெளிஞ்சிடும், உடுங்க.”

 “வாட அடிக்கலியேண்ணே” என்றார்கள், மெதுவாக.

“இப்பல்லாம் வாட அடிக்காத சரக்கெல்லாம் வந்திருச்சி.”

போனை வைத்துவிட்டேன். அம்மா வந்து யார் என்று கேட்டாள். அண்ணி ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்களாம் என்றேன்.

மறுநாள் காலையில் மாமா வேலைக்குப் போய்விட்டார். சிதம்பரம் ஸ்டாண்டில் மினி பஸ்ஸை வெளியே எடுக்கும்போது இடது பக்கக் கண்ணாடி கம்பத்தில் மோதி உடைந்திருக்கிறது. அவருக்கு மோதியதே தெரியவில்லை, இன்னும் முறுக்கியிருக்கிறார். நல்ல வேளையாக வண்டியில் ஆள் ஏறவில்லை. கண்டக்டர் ஓடிவந்து சாவியைப் பிடுங்கியபோது அவர் இடது கை ஸ்டியரிங்கிலிருந்து நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. வாயும் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அந்தக் கண்டக்டர்தான் அவரை ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். அவர் கண்ணுக்கு அது குடியாகவும் தெரியவில்லை, கோபமாகவும் தெரியவில்லை.

பெரியவனே, உனக்கு அன்று பத்தாம் வகுப்பு மாதிரித் தேர்வு, பள்ளிக்கூடம் போய்விட்டாய். சின்னவளைத் தனியாக விட முடியாமல் கூட்டிக்கொண்டு நானும் அம்மாவும் சிதம்பரம் போனோம். மாமாவைக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். கையில் தாளோடு நின்று அத்தையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“கடைசியா இவரு நல்லா இருந்தது எப்போ? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எந்த மருந்து கொடுக்கிறதுன்றது அந்த நேரத்தப் பொறுத்துதான்.”

அத்தை என்னைப் பார்த்தார்கள். நான் ஏதாவது சொல்வேன் என்று அந்தப் பார்வை காத்திருந்தது. என்னைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்ற தயக்கமும் அதில் இருந்தது. நான் தரையைப் பார்த்தேன். தரையில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன்: பஞ்சு ஒரு துண்டு, மூடி இல்லாத பேனா ஒன்று. அவ்வளவு நேரம் பார்த்தேன்.

நீதான் பேசினாய், சின்னவளே. “நேத்தே மாமா ஒரு பக்கம்தான் சாப்ட்டாங்க. ஒரு கையாலதான் என்னப் புடிச்சிருந்தாங்க.” காதில் மஞ்சள் வைத்த வீக்கம் குறையாமல், அம்மாவின் பின்னாலிருந்து தலையை நீட்டிச் சொன்னாய்.

டாக்டர் உடனே குனிந்தார். “எந்தப் பக்கம் சாப்பிடல பாப்பா?” நீ உன் இடது கையைத் தூக்கிக் காட்டினாய். அதற்கப்புறம்தான் நான் வாயைத் திறந்தேன், பாதிச் சவரத்தையும் தோள் இடித்ததையும் சொன்னேன். போன் வந்ததைச் சொல்லவில்லை.

டாக்டர் மாமாவிடம் ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்து ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். வட்டம் போட்டார். பன்னிரண்டு எண்ணையும் வலது பாதியிலேயே, பஸ்ஸில் நெருக்கியடித்து நிற்கிற ஆட்களைப்போல் ஏற்றிவிட்டார். இடது பாதி வெறும் தாள். “சரியா இருக்கா?” என்று டாக்டர் கேட்டதற்கு, “டயம் மட்டும் காட்டாது, மத்தபடி நல்லா ஓடும்” என்றார். வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தாலும் கிண்டல் போகவில்லை. அடுத்து டாக்டர் அவருடைய இடது கையைத் தூக்கி அவர் கண்ணெதிரே பிடித்து, “இது யாரு கை?” என்று கேட்டார். “உங்க கைதாம்மா” என்றார் மாமா. உங்கள் அம்மா அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் வைத்து டாக்டர் எனக்கு விளக்கினார். நான் ஜெராக்ஸ் கடைக்காரன் என்று தெரிந்ததாலோ என்னவோ, படத்தை வைத்தே சொன்னார். எனக்குப் புரிந்த அளவில் உங்களுக்குச் சொல்கிறேன். தப்பிருந்தால் பெரியவன் திருத்தட்டும்.

மூளையில் பெரிய பகுதி பெருமூளை. அது வலது, இடது என்று இரண்டு பாதி. வலது பாதி உடம்பின் இடது பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும், இடது பாதி வலது பக்கத்தை. இதைப் பாடத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு பாதியிலும் நான்கு பகுதிகள். நெற்றிக்குப் பின்னால் இருப்பது திட்டம் போடவும், வாய்க்கு வந்ததைப் பேசாமல் அடக்கவும் உதவுகிறது. காதோரம் இருப்பது கேட்பதற்கும் ஞாபகத்துக்கும். பிடரிப் பக்கம் இருப்பது பார்வைக்கு. உச்சியை ஒட்டிப் பின்னால் இருக்கிற பகுதிதான், நம் உடம்பு எங்கே இருக்கிறது, நம்மைச் சுற்றி எங்கே எது இருக்கிறது என்று கணக்கு வைத்திருக்கிறது. பின்னால் கீழே இருக்கிற சிறுமூளை, தடுமாறாமல் நடக்க வைக்கும். அதற்கு முன்னால் முகுளம், நாம் நினைக்காமலே மூச்சையும் நெஞ்சுத் துடிப்பையும் ஓட்டும்.

மாமாவுக்கு அடைபட்டது வலது பாதியில் உச்சியை ஒட்டிய இடத்துக்குப் போகிற ரத்தக் குழாய். “அவரு கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஆனா இடது பக்கம்னு ஒண்ணு இருக்குன்றதே அவரு மூளைக்கு இல்லாமப் போச்சு. இல்லாத ஒண்ணை யாருங்க தேடுவாங்க? அதனாலதான் தனக்கு ஒண்ணும் ஆகலன்னு சொல்றாரு. அது பிடிவாதம் இல்ல, அதுவும் நோயிலே சேர்ந்ததுதான்” என்றார் டாக்டர்.

அப்போதுதான் எனக்கு அந்த இலை ஞாபகம் வந்தது. போட்டதே அவ்வளவுதான் என்று அவர் சொன்னாரே, அது குத்தல் இல்லை. அவர் பார்த்ததை அப்படியே சொன்னார்.

அடைப்பைக் கரைக்கிற மருந்து இருக்கிறது. ஆனால் ஆரம்பித்துச் சில மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், தாண்டினால் அதுவே ரத்தக் கசிவை உண்டாக்கிவிடும் என்றார்கள். மாமாவுக்கு அது தாண்டிப்போயிருந்தது. வேறு மருந்துகள் கொடுத்தார்கள். பல நாள் கழித்து, அத்தை பக்கத்தில் இல்லாத சமயம் பார்த்து டாக்டரிடம் கேட்டேன், முதல் நாள் மதியமே கூட்டி வந்திருந்தால் சரியாகியிருக்குமா, சாயங்காலமாவது வந்திருந்தால் என்று.

“தூங்கி எழும்போதே வந்திருக்கலாம், எப்போன்னு சொல்ல முடியாதுங்க. சாயங்காலம் வந்திருந்தா மறுநாள் காலையில ஜாஸ்தியானதத் தடுத்திருக்கலாம். தடுத்திருக்க முடியாமலும் போயிருக்கலாம்” என்றார்.

உன்னால்தான் என்று சொல்லியிருந்தால் ஒருவேளை தாங்கியிருப்பேன். சொல்ல முடியாது என்று அவர் சொன்னது இன்னும் என்னோடு வருகிறது. தாளை மெஷினில் வைக்கும்போது வருகிறது, மூடும்போது வருகிறது.

அதற்குப் பிறகுதான் நான் பெரியவனின் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். இந்த வயதில் அப்பா எதற்கு அறிவியல் படிக்கிறார் என்று நீ கேட்டாய், கடைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்றேன். அது பொய். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பகுதியைப் பற்றி எழுதியிருந்த வரியை மட்டும் பத்துத் தடவை படித்திருப்பேன். உங்கள் மாமாவுக்கு வலது பாதியில் ஒரு இடத்தில் ரத்தம் போகவில்லை. எனக்கு எல்லா இடத்துக்கும் ரத்தம் போய்க்கொண்டுதான் இருந்தது. இருந்தும் கை கழுவுகிற இடத்தில் வாயை அடக்கவில்லை. ஆஸ்பத்திரியில் திறக்க வேண்டிய வாயை மூடிக்கொண்டேன்.

நாலைந்து மாதத்தில் மாமா கைத்தடி வைத்து நடந்தார். இடது கை பாதி வந்தது. மினி பஸ் இனி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வார்த்தையை அவரிடம் யார் சொல்வது என்று அத்தையும் அம்மாவும் இரண்டு நாள் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவரே, “தெரியும்டி, பாதி ரோட்டுக்கு எவன் லைசன்ஸ் குடுப்பான்” என்று முடித்துவிட்டார். இப்போது ஸ்டாண்டிலேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வண்டிகள் வருகிற போகிற நேரத்தை எழுதுகிறார். குமராட்சி வண்டி கிளம்பும்போது எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார். நான் ஒருநாள் தூரத்தில் நின்று கவனித்தேன்.

அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் போய்த்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். மனசுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, அத்தை போன் செய்ததையும் நான் சொன்ன பதிலையும் ஆஸ்பத்திரியில் தரையைப் பார்த்து நின்றதையும் சொன்னேன். “என்ன மன்னிச்சிருங்க மச்சான்” என்றேன்.

அவர் திரும்பவே இல்லை. எதிரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கோபம், அது நியாயம்தான் என்று எழுந்தேன். கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் உறைத்தது. நான் உட்கார்ந்திருந்தது அவருடைய இடது பக்கம். அந்தப் பக்கத்திலிருந்து வருகிற பேச்சும் அவருக்கு எட்டாமல் போகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வலது பக்கம் ஒரு ஸ்டூல் காலியாகக் கிடந்தது. மறந்துபோய் இடது பக்கம் உட்கார்ந்தேனா, அல்லது அவர் காதில் விழக்கூடாது என்றே உட்கார்ந்தேனா என்று கேட்டால், பிள்ளைகளே, எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக் கோபம் என்று நானே முடிவு கட்டியது மட்டும் தெரியும். பந்தியில் செய்ததையே மறுபடியும் செய்திருந்தேன்.

திரும்பிப் போய் வலது பக்க ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

“வாங்க மாப்ள, எப்ப வந்தீங்க?” என்றார்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். இரண்டாவது தடவை இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“போன் சமாச்சாரம் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிலயே அவ சொல்லிட்டா.”

“அப்பறம் ஏன் மச்சான் ஒண்ணுமே கேக்கல?”

“நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன்.” ஒரு வண்டி உள்ளே வந்தது. அதன் நேரத்தை எழுதி முடித்துவிட்டுக் கேட்டார், “அன்னிக்கு நெசமாவே எலையில அந்தப் பக்கம் ஏதாவது இருந்துதா?”

“இருந்துது மச்சான். லட்டு, வடை, உருளக்கெழங்கு வறுவலு.”

“லட்டு இருந்துதா?” அவர் பேனாவை மூடினார். “எனக்கு மட்டும் இனிப்பு வைக்கலன்னு நெனச்சேன் மாப்ள. தேதி விஷயத்துல நான் கேட்டுட்டேன்னு, வெறும் சோத்தப் போட்டு அசிங்கப்படுத்துறீங்கன்னு நெனச்சேன். அந்தக் கோவத்துலதான் சாயங்காலம் அவ ஆஸ்பத்திரிக்குக் கூப்ட்டப்பகூட, போடின்னுட்டேன்.”

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. டீ வந்தது, குடித்தோம். குமராட்சி வண்டி கிளம்பியது. வழக்கம்போல் அவர் அதையே பார்த்தார், நானும் பார்த்தேன்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். யாராவது திடீரென்று ஒரு பக்கத்தை மறந்தால், வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால், அது திமிரா, குடியா, கோபமா என்று தீர்ப்புச் சொல்ல உட்காராதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். யாராவது போனில் கேட்டால், போங்க என்று சொல்லுங்கள்.

போன பொங்கலுக்குச் சிதம்பரத்தில் அவர்கள் வீட்டில் சாப்பிட்டோமே, அன்று நான் ஏன் அவருடைய இடது பக்கம் போய் உட்கார்ந்தேன் என்று அம்மா கேட்டாள். மாமாவுக்கு ஆஸ்பத்திரியில் கை கால் பயிற்சி கொடுக்கிற பெண் சொல்லிக்கொடுத்தது அது. இலையைத் திருப்பி வைத்துக் கொடுக்கக்கூடாது, எடுத்து ஊட்டவும் கூடாது, அவராகவே கழுத்தைத் திருப்பித் தேட வேண்டும். தேடுவதற்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் இருந்தால் நல்லது. அந்த ஆளாக இருக்கிறேன் என்று நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அவரோடு சாப்பிட உட்காரும்போதெல்லாம் இதுதான் நடக்கும்: வலது பாதியைச் சாப்பிட்டு முடித்து, அவர் கையை நிறுத்துவார். “அவ்ளோதானா மாப்ள?” என்று கேட்பார்.

“இன்னும் இருக்குது மச்சான்.”

மெதுவாகத் தலை திரும்பும். முதலில் என் முட்டி, பிறகு இலையின் ஓரம், பிறகு ஊறுகாய். சில நாள் அதிலேயே நின்றுவிடும். சில நாள் லட்டு வரைக்கும் வரும். அது வரும்வரை என் இலையில் நான் கை வைப்பதில்லை.